குடோனுக்குப் பதிலா ஒரு ஊர்: டொயோட்டாவை உருவாக்கிய கீச்சிரோவின் கதை

1997 பிப்ரவரி 1. சனிக்கிழமை அதிகாலை. ஜப்பானின் கரியா நகரில் இருந்த ஐசின் நிறுவனத்தின் ஆலையில் தீப்பிடித்தது. அங்கே தயாரானது பிரேக் அழுத்தத்தைச் சரிசெய்யும் ஒரு சின்ன வால்வு. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் டொயோட்டா கார்களுக்குத் தேவையான அந்த வால்வு கிட்டத்தட்ட மொத்தமும் இந்த ஒரே ஆலையிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. டொயோட்டாவிடம் இருந்த கையிருப்பு? சில மணி நேரத்துக்கு மட்டும்.

சில நாட்களில் ஜப்பானில் இருந்த டொயோட்டா ஆலைகள் ஏறக்குறைய எல்லாமே நின்றுபோயின. உலகின் மிகப்பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று, ஒரு வால்வு இல்லாமல் முடங்கியது.

இவ்வளவு பெரிய கம்பெனி கொஞ்சம் ஸ்டாக் வைத்திருக்கக் கூடாதா? நியாயமான கேள்விதான். ஆனால் அது கவனக்குறைவு இல்லை, வேண்டுமென்றே எடுத்த முடிவு. அந்த முடிவின் வேர், தீ விபத்துக்கு 45 வருஷம் முன்பே இறந்துபோன ஒரு மனிதரிடம் இருக்கிறது. அவர் பெயர் கீச்சிரோ டொயோடா.

(குடும்பப் பெயர் டொயோடா. கம்பெனி பெயர் டொயோட்டா. இந்தச் சின்ன வித்தியாசத்துக்கும் ஒரு காரணம் உண்டு. பிறகு சொல்கிறோம்.)

தறிக்காரர் வீட்டுப் பிள்ளை

1894 ஜூன் 11 அன்று, இன்றைய ஷிசுவோகா மாகாணத்தின் கொசாய் பகுதியில் பிறந்தார் கீச்சிரோ. அப்பா சகிச்சி ஒரு தச்சர் மகன். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. ஆனால் தறியை மாற்றி மாற்றிச் செய்து பார்ப்பதிலேயே வாழ்க்கையைக் கழித்தவர், ஜப்பானின் மிகப் பெரிய கண்டுபிடிப்பாளர்களில் ஒருவராக ஆனார்.

மகன் வேறு ரகம். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்து 1920-இல் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷமே அமெரிக்கா, இங்கிலாந்து என்று கிளம்பினார். இங்கிலாந்தில் அவர் போய் இறங்கிய முக்கியமான இடம் லங்காஷயரின் ஓல்டம் நகரம். ஜவுளி இயந்திரத்தில் அப்போது உலகப் பெயர் பெற்ற பிளாட் பிரதர்ஸ் கம்பெனி அங்கேதான் இருந்தது.

ஓல்டமும் சுற்றியுள்ள ஊர்களும் ஒரு ‘கிளஸ்டர்’. ஒரே தொழிலைச் சேர்ந்த, ஒருவரையொருவர் சார்ந்த நிறுவனங்கள் ஒரே வட்டாரத்தில் குவிந்திருப்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். நூல் ஆலை, அதற்கு இயந்திரம் செய்பவர், அந்த இயந்திரத்துக்கு உதிரிபாகம் செய்பவர், அதைப் பழுது பார்ப்பவர், எல்லோரும் கூப்பிடு தூரத்தில்.

பொருளாதார அறிஞர் ஆல்ஃப்ரெட் மார்ஷல் இதை 1890-லேயே விளக்கியிருந்தார். அவர் சொன்னதில் மூன்று லாபங்கள் முக்கியம். தேர்ந்த தொழிலாளி உள்ளூரிலேயே கிடைப்பார். துணைத் தொழில்கள் பக்கத்திலேயே முளைக்கும். தொழில் நுணுக்கம் யாரும் தனியாகக் கற்றுத்தராமலே ஊருக்குள் பரவும்.

ஊர் திரும்பிய கீச்சிரோ, அப்பாவின் தானியங்கித் தறி வேலையில் இறங்கினார். 1924-இல் ‘ஜி டைப்’ தறி தயாரானது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடாவை மாற்றும். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். 1926-இல் இதைத் தயாரிக்க ஒரு கம்பெனி தொடங்கினார்கள். இடம்: கரியா. ஆமாம், 1997-இல் தீப்பிடித்த அதே ஊர்.

1929 டிசம்பரில் அதே பிளாட் பிரதர்ஸ், இந்தத் தறியின் காப்புரிமையை 1 லட்சம் பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. பாடம் கற்கப் போன இடமே வாடிக்கையாளராக மாறியது. அடுத்த வருஷம் சகிச்சி இறந்தார். மகன் மனதில் அப்போதே கார் ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் கார்?

1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோ வட்டாரத்தைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. டிராம் பாதைகள் சிதைந்தன. அவசரத்துக்கு டோக்கியோ நகரம் ஃபோர்டிடம் சுமார் 800 லாரி சேஸிகளை வாங்கி பஸ்ஸாக மாற்றி ஓடவிட்டது. ஜப்பானில் சந்தை இருக்கிறது என்று புரிந்துகொண்ட ஃபோர்டு 1925-இல் யோகஹாமாவிலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1927-இல் ஒசாகாவிலும் கடை விரித்தன. அமெரிக்காவிலிருந்து பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும். இங்கே கோர்த்து விற்பார்கள்.

சொந்தமாகக் கார் செய்ய வேண்டும் என்பது கீச்சிரோவின் பிடிவாதம். குடும்பத்தில் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. தறி கம்பெனியை நடத்திய மைத்துனர் ரிசாபுரோவுக்குப் பெரிய தயக்கம். முதலீட்டை விழுங்கும் தொழில் ஆச்சே! ஆனாலும் 1933-இல் தறி கம்பெனிக்குள்ளேயே ஒரு கார் பிரிவு தொடங்கியது. ஒரு செவர்லே காரை வாங்கி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, அளந்து, வரைந்து படித்தார்கள்.

சிக்கல் சீக்கிரமே தெரிந்தது. ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள். கார் தரத்துக்கு எஃகு, கார் தரத்துக்கு மின்கருவி, கார் தரத்துக்கு வார்ப்பு. இதெல்லாம் செய்து தர ஜப்பானில் ஆள் குறைவு. இருந்த கொஞ்சநஞ்ச உதிரிபாகக்காரர்களும் பெரும்பாலும் டோக்கியோ, ஒசாகா பக்கம்.

ஃபோர்டுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் சப்ளை செயின் அமெரிக்காவிலேயே ரெடி. கீச்சிரோவிடம் இருந்தது என்ன? தறிக்கு வார்ப்பு ஊற்றிப் பழகிய கைகள், ஜவுளி இயந்திரம் செய்யத் தெரிந்த பட்டறைகள், பக்கத்தில் நகோயா நகரம். ஆயத்தமான கார் கிளஸ்டர் எதுவும் இல்லை. ஒன்றை அவரே உருவாக்க வேண்டியிருந்தது.

1935-இல் முதல் மாதிரிக் கார் ‘ஏ1’ வந்தது. அதே வருஷம் ‘ஜி1’ லாரி. அறிமுக விழாவுக்காக டோக்கியோவுக்கு ஓட்டிப் போன லாரியே வழியில் பழுதாகி நின்றது. விற்ற லாரிகளும் அடிக்கடி மக்கர் பண்ணின. கம்பெனி ஆட்களே போய் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார்கள். எந்த பாகம் எங்கே உடைகிறது என்ற விவரம் உடனுக்குடன் பட்டறைக்குத் திரும்பி வந்தது. ஆரம்பகால லாரிகளைப் பெரும்பாலும் ஆலைக்கு எட்டும் தூரத்திலேயே விற்றதன் பலன் அது.

1936-இல் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸின் வளர்ச்சிக்குக் கடிவாளம் போட்டது. உரிமம் கிடைத்த உள்ளூர் நிறுவனங்களில் டொயோடாவும் ஒன்று. அதே வருஷம்தான் பெயரும் மாறியது. பொதுமக்களிடம் லோகோ கேட்டுப் போட்டி வைத்தார்கள், சுமார் 27,000 பேர் அனுப்பினார்கள். ‘டொயோட்டா’ என்பதை ஜப்பானிய எழுத்தில் எழுத எட்டுக் கோடுகள் போதும். எட்டு அங்கே ராசியான எண். 1937 ஆகஸ்ட் 28 அன்று டொயோட்டா மோட்டார் தனிக் கம்பெனியானது.

பட்டு செத்த ஊரில் கார்

பெரிய ஆலைக்கு கீச்சிரோ தேர்ந்தெடுத்த இடம் கொரோமோ. கரியாவிலிருந்து சுமார் 20 கி.மீ தூரம்.

கொரோமோவும் ஒரு கிளஸ்டர்தான், பட்டு கிளஸ்டர். வீட்டுக்கு வீடு பட்டுப்புழு, ஊருக்குள் வியாபாரிகள். 1929-க்குப் பிறகு உலகப் பொருளாதாரம் சரிய, அமெரிக்கா பட்டு வாங்குவதைக் குறைத்தது. ஒரே பொருளை நம்பிய ஊர் மொத்தமாகப் படுத்துவிட்டது. அதனால்தான் ஆலையைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவர ஊர் நிர்வாகமே முன்னின்று ஒத்துழைத்தது. யாரும் பயிர் செய்யாத மேட்டு நிலம் சுமார் 2 சதுர கி.மீ அளவுக்குக் கிடைத்தது.

1938 நவம்பரில் ஆலை திறந்தது. மாதம் 2,000 வண்டிகள் என்பது இலக்கு. இங்கேதான் கீச்சிரோ தன்னுடைய பெரிய யோசனையைப் போட்டுப் பார்த்தார்: ‘ஜஸ்ட் இன் டைம்’. தேவையான பாகம், தேவையான நேரத்தில், தேவையான அளவு மட்டும். முன்கூட்டியே செய்து குவிக்கக் கூடாது. குடோனில் தூங்கும் ஒவ்வொரு பாகமும் முடங்கிக் கிடக்கும் பணம். அமெரிக்கக் கம்பெனிகளோடு ஒப்பிட்டால் அவரிடம் இருந்த பணம் சொற்பம். முடக்கி வைக்க வசதி இல்லை. அதனால் பெரிய குடோன்களை நம்பாமல் ஆலையைத் திட்டமிட்டார். வேலை முறையை விளக்க, தடிமனான ஒரு கையேட்டையே எழுதி ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்தார்.

பக்கத்தில் இருந்தால் என்ன லாபம்?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஆலைக்கு ஒரு நாளைக்கு 1,000 வால்வு வேண்டும். 16 மணி நேரம் வேலை. சப்ளையர் 20 கி.மீ தூரத்தில் இருந்தால், 2 மணி நேரத்துக்கு ஒரு முறை சின்ன வண்டியில் 125 வால்வு கொண்டுவந்து இறக்கலாம்.

அதே சப்ளையர் 500 கி.மீ தள்ளி இருந்தால்? லாரியை நிரப்பாமல் அனுப்பினால் வாடகை கட்டுப்படியாகாது. அதனால் இரண்டு நாளைக்கு ஒரு லோடு, 2,000 வால்வு. வழியில் ஏதாவது ஆகிவிடுமோ என்று கூடுதலாக இன்னொரு 1,000 கையிருப்பு. அதை வைக்க இடம், பார்த்துக்கொள்ள ஆள், அதில் முடங்கும் பணத்துக்கு வட்டி.

தரத்திலும் இதே கதை. வால்வில் ஒரு குறை என்றால் முதல் வழியில் 125-ஐ சோதித்தால் போதும். இரண்டாவது வழியில் 3,000-ஐயும் பிரித்துப் பார்க்கணும். முதல் வழியில் இன்ஜினீயர் மதியமே சப்ளையர் பட்டறைக்கு நேரில் போய்விடலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. நாலைந்து சப்ளையர்கள் ஒரே சாலையில் இருந்தால், ஒரே வண்டி பால்காரர் மாதிரி ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு வரலாம். சப்ளை செயின் மொழியில் இதற்குப் பெயரே ‘மில்க் ரன்’. வண்டியும் நிறையும், ஸ்டாக்கும் சேராது.

சுருக்கமா சொன்னா, பக்கத்து ஊர்தான் டொயோட்டாவின் குடோன்.

தூரம் மட்டும் போதுமா?

போதாது. கீச்சிரோவின் கம்பெனி 1939-இல் வகுத்த கொள்முதல் விதிகளைப் பார்த்தால் இது புரியும். ஒருவரை சப்ளையராக ஏற்றுக்கொண்டால், அவரைத் தன் சொந்த ஆலையின் ஒரு கிளை போல நடத்த வேண்டும். காரணம் இல்லாமல் ஆளை மாற்றக் கூடாது. அவர் தரம் உயரக் கூடவே உழைக்க வேண்டும். விலை குறைத்துக் கேட்கும் அடுத்த ஆளிடம் தாவுவது இந்த விதிக்கு எதிரானது. 1943-இல் சப்ளையர்கள் ‘கியோஹோகாய்’ என்ற சங்கமாகவே இணைந்தார்கள்.

இல்லாத தொழில்களைக் கம்பெனியே பெற்றெடுத்தது. எஃகுக்கு 1940-இல் ஒரு நிறுவனம். இயந்திரக் கருவிகளுக்கு 1941-இல் இன்னொன்று. மின்கருவிப் பிரிவு 1949-இல் பிரிந்து போய் நிப்பான்டென்சோ ஆனது. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த டென்சோ அதுதான், தலைமையகம் இன்றும் கரியா. வட்டாரம் மெல்ல மெல்ல நிரம்பியது.

ஆனால் ஜஸ்ட் இன் டைம் அப்போது ஓடவில்லை. போர் வந்துவிட்டது. மூலப்பொருள் அரசுக் கட்டுப்பாட்டில் போனது. எது எப்போது வரும் என்றே தெரியாதபோது, நேரத்துக்கு வரும் என்று நம்பி எப்படித் தயாரிப்பது? 1945 ஆகஸ்ட் 14, ஜப்பான் சரணடைவதற்கு முந்தைய நாள், கொரோமோ ஆலை மீது குண்டு விழுந்தது. ஆலையின் ஏறக்குறைய கால் பங்கு நாசமானது.

காப்பாற்ற முடியாத வாக்கு

போருக்குப் பின் மீண்டும் லாரி செய்யத் தொடங்கினார்கள். 1949-இல் விலைவாசியை அடக்க அரசு கடும் சிக்கனத்துக்குப் போனது. வாங்கியவர்களால் தவணை கட்ட முடியவில்லை. டொயோட்டாவின் கையில் ரொக்கம் வற்றியது. ஊழியர்களை நீக்க மாட்டேன் என்பது கீச்சிரோ தொழிற்சங்கத்துக்குக் கொடுத்திருந்த வாக்கு.

ஜப்பான் வங்கியின் நகோயா கிளை, பல வங்கிகளைச் சேர்த்துக் கடனுக்கு ஏற்பாடு செய்தது. அதற்கு நிபந்தனைகள் இருந்தன. விற்பனையைத் தனிக் கம்பெனியாகப் பிரிக்கணும், ஆட்களைக் குறைக்கணும். 1950 வசந்தத்தில் சுமார் இரண்டு மாதம் தொழிலாளர் போராட்டம் நடந்தது. முடிவில் ஏறத்தாழ 2,000 பேர் வேலையை விட்டுப் போனார்கள்.

யோசித்துப் பாருங்கள். பெரிய நகரத்தில் வேலை போனால் அடுத்த தெருவில் இன்னொரு கம்பெனி இருக்கலாம். கொரோமோவில் அப்படி என்ன இருந்தது? பட்டு போய் கார் வந்தது. இப்போ காரும் போனா?

1950 ஜூனில் பொறுப்பேற்று, தலைவர் பதவியிலிருந்து விலகினார் கீச்சிரோ. விதி அதே மாதம் 25-ஆம் தேதி கொரியப் போர் வடிவில் திரும்பியது. அமெரிக்க ராணுவம் ஆயிரக்கணக்கில் லாரி ஆர்டர் கொடுத்தது. கம்பெனி பிழைத்தது. இன்னும் சில வாரம் தாக்குப் பிடித்திருந்தால் அந்த 2,000 பேரும் அவரும் உள்ளே இருந்திருக்கலாம்.

நிலைமை சீரானதும் அவரை மீண்டும் தலைவராக அழைக்க ஏற்பாடு நடந்தது. அதற்குள் 1952 மார்ச் 27 அன்று மூளை ரத்தக்கசிவால் இறந்தார். வயது 57.

அவர் விட்ட இடத்திலிருந்து தாய்ச்சி ஓனோ தொடர்ந்தார். ‘கான்பான்’ அட்டை முறை மூலம் ஜஸ்ட் இன் டைமை ஆலைக்குள்ளும், பிறகு சப்ளையர்களிடமும் கொண்டுபோனார். போர் இல்லை, சப்ளையர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். இந்த முறை அது ஓடியது. 1959-இல் கொரோமோ தன் பெயரையே மாற்றி டொயோட்டா நகரம் ஆனது.

மறுபடியும் அந்தத் தீ

1997-க்குத் திரும்புவோம். ஸ்டாக் இல்லாததால் ஆலைகள் நின்றன. ஆனால் அதே வட்டாரம்தான் மீட்டும் கொடுத்தது.

ஐசின் வரைபடங்களை எல்லோருக்கும் கொடுத்தது. சுமார் 200 நிறுவனங்கள் ஏதோ ஒரு வகையில் கை கொடுத்தன. அதுவரை காருக்கு வால்வே செய்யாத, நகோயாவின் தையல் மெஷின் கம்பெனி பிரதர் கூட இறங்கியது. விலை என்ன, ஒப்பந்தம் எங்கே என்று பேரம் பேசி யாரும் நேரத்தைக் கடத்தவில்லை. சில நாட்களிலேயே முதல் வால்வுகள் வந்தன. ஒரு வாரம் சொச்சத்தில் உற்பத்தி ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பியது.

விழுந்ததற்கும் எழுந்ததற்கும் காரணம் ஒன்றுதான். எல்லோரும் பக்கத்தில் இருந்தார்கள், பல வருஷமாக ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள்.

எல்லா அடியையும் இப்படித் தாங்க முடியாது. 2011 மார்ச் 11 நிலநடுக்கம் வடகிழக்கு ஜப்பானைத் தாக்கியபோது, இபராக்கியில் இருந்த ரெனசாஸ் சிப் ஆலை மாதக்கணக்கில் முடங்கியது. சிப்பைப் பக்கத்துப் பட்டறைக்காரர் வாங்கிச் செய்துவிட முடியாது. அதன்பிறகு டொயோட்டா தன் கொள்கையைக் கொஞ்சம் வளைத்தது. சிப் போன்ற பொருட்களை மாதக்கணக்கில் கையிருப்பு வைக்கச் சொன்னது. 2021 சிப் தட்டுப்பாட்டின் ஆரம்ப மாதங்களில் மற்ற கம்பெனிகள் தடுமாறியபோது டொயோட்டா ஓரளவு தாக்குப் பிடித்ததற்கு இது ஒரு காரணம்.

2022 மார்ச் 1 அன்று இன்னொரு பாடம். டொயோட்டா நகரத்திலேயே உள்ள கோஜிமா என்ற சப்ளையர் மீது சைபர் தாக்குதல் நடந்தது. ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் ஒரு நாள் நின்றன. இப்போது தீ கம்ப்யூட்டருக்குள்.

இன்னொரு விமர்சனமும் உண்டு. பெரிய கம்பெனியில் ஸ்டாக் குறைந்தது சரி, அது காணாமல் போனதா? சில நேரம் சின்ன சப்ளையரின் தலையிலும், நெடுஞ்சாலையில் காத்துக் கிடக்கும் லாரியிலும்தான் அது இருக்கிறது என்று ஜப்பானிலேயே கேள்வி எழுந்தது.

நமக்கு இதில் என்ன?

1997-இல் கிர்லோஸ்கருடன் சேர்ந்து டொயோட்டா இந்தியா வந்தபோது, பெங்களூரு அருகே பிடதியில் ஆலையை ஒட்டியே உதிரிபாக நிறுவனங்களுக்கும் இடம் ஒதுக்கியது. கொரோமோ பாடத்தின் நகல். நம்ம இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தபோதும் கொரிய சப்ளையர்கள் கூடவே வந்தார்கள். ஒரு கார் ஆலை வருகிறது என்றால், கூட யார் யார் வருகிறார்கள் என்றும் கேட்பது இதனால்தான்.

வேலைக்காகவோ தொழிலுக்காகவோ இப்படி ஒரு வட்டாரத்தை நம்பிப் போகிறவர்கள் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளலாம்:

* அங்கே இருக்கும் நிறுவனங்களுக்குள் உண்மையான கொடுக்கல் வாங்கல் இருக்கிறதா, இல்லை நிலம் மலிவு என்று வந்து சேர்ந்தவர்களா?
* எந்தப் பொருள் ஒரே ஒருவரிடமிருந்து மட்டும் வருகிறது? அவர் நின்றால் யார் செய்து தருவார்கள்?
* அந்த வட்டாரமே ஒரே வாடிக்கையாளரை நம்பி இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் கொரோமோவுக்கு இரண்டு முறை கிடைத்தது. பட்டு படுத்தபோது ஒரு முறை, 1950-இல் இன்னொரு முறை. இரண்டாவது தடவை ஊர் பிழைத்துக்கொண்டது. அந்த ஊருக்குக் காரைக் கொண்டுவந்த கீச்சிரோ, அது டொயோட்டா நகரம் ஆவதைப் பார்க்கவில்லை.